நற்சான்று தருவார் யார்?

பள்ளிப் படிப்பை முடித்து வெளியேறும் மாணவர் எவரும் இரண்டு தாள்களைப் பெறாமல் பள்ளியின் வாயிலைக் கடப்பதில்லை. ஒன்று மாற்றுச் சான்றிதழ். மற்றொன்று நன்னடத்தைச் சான்றிதழ். எந்த நாளில் சேர்ந்தார், எந்த நாளில் விலகினார், எந்த வகுப்பு வரை படித்தார் என்பவற்றை முதலாவது கூறும். அவர் எப்படிப்பட்டவர் என்பதை இரண்டாவது கூறும். முன்னதில் பதிவேட்டில் உள்ளதன்றி வேறொன்றும் இருத்தற்கில்லை. பின்னதில் இருப்பது தலைமையாசிரியரின் கருத்து. இரண்டும் ஒரே மேசையிலிருந்து, ஒரே கையொப்பத்துடன் வருகின்றன. ஆதலால் இவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆனால், மாணவ நண்பர்களே, நீங்கள் நாளை ஓர் அலுவலகத்திலோ, ஆலையிலோ, கடையிலோ வேலைக்கு அமர்ந்து, பின்னர் அவ்விடத்தை விட்டு விலக நேரும்போது, இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது பெருந்துணையாகும். மேலதிகாரி மனம் வைத்து நான்கு வரி எழுதித் தராவிட்டால் தம் எதிர்காலம் என்னவாகும் என்று அஞ்சி, வளர்ச்சிக்கு வழியில்லாத இடத்தில் ஆண்டுக்கணக்காகக் கிடந்து உழல்வோர் பலர். அஞ்சாமல் ஒரே நாளில் சினந்து எழுந்து வெளியேறிவிட்டு, பிறகு ஒரு தாளுக்காக அதே படிகளை ஏறி இறங்குவோரும் பலர். இவ்விரு சாராரின் துன்பத்துக்கும் வேர் ஒன்றே. பதிவு எது, கருத்து எது என்று அவர்கள் பிரித்து அறியவில்லை.

நான் அறிந்த இளைஞர் ஒருவரின் அனுபவத்தை முதலில் சொல்கிறேன். அவர் வணிகவியல் பட்டம் பெற்று, ஒரு வாணிக நிறுவனத்தில் கணக்கராகச் சேர்ந்தார். முதலாளி கொடியவர் அல்லர்; மாதச் சம்பளம் தவறியதில்லை. ஆயினும் கீழே வேலை செய்வோர் மேலே வருவதை அவர் விரும்பாதவர். மாலையில் தேர்வுக்குப் படிக்க ஒரு மணி நேரம் முன்னதாகச் செல்ல அனுமதி கேட்டால் முகம் சுளிப்பார். நன்றாகச் செய்த வேலையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லமாட்டார். மூன்றாண்டுகள் கழித்து வேறொரு நிறுவனம் அந்த இளைஞரை அழைத்தது. பழைய இடத்திலிருந்து அனுபவச் சான்றிதழும், அலுவலகங்களில் ரிலீவிங் லெட்டர் என வழங்கும் விடுவிப்புக் கடிதமும் கொண்டு வருமாறு பணித்தது. அவர் சென்று கேட்டார். "போகிறவனுக்குப் பத்திரம் என்ன வேண்டிக்கிடக்கிறது?" என்றார் முதலாளி. புதிய இடத்தில் சேரவேண்டிய நாளுக்கு முப்பது நாட்களே இருந்தன. வீட்டிலோ தங்கையின் கல்லூரிக் கட்டணம் இவருடைய சம்பளத்தை எதிர்நோக்கியிருந்தது. அவர் என்ன செய்தார் என்பதைச் சற்றுப் பின்னர்க் கூறுகிறேன். அதற்கு முன், முதலாளியின் அந்தக் கேள்விக்கு உலகம் என்ன விடை கண்டிருக்கிறது என்று பார்ப்போம்.

பிரான்சு நாட்டில் 1803ஆம் ஆண்டில், நெப்போலியன் ஆட்சித் தலைமையில் இருந்தபோது, தொழிலாளர்கள் ஒரு சிறு கையேட்டை வைத்திருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அதனை 'லிவ்ரே' என்றனர். ஒருவர் ஒரு பட்டறையை விட்டு விலகும்போது, அவர் தம் கடமைகளை முடித்துவிட்டார் என்று அதில் முதலாளி எழுதவேண்டும். முன்பணம் பாக்கி நின்றால் அதையும் அதில் குறிக்கலாம். அடுத்த முதலாளி அதனைக் கூலியிலிருந்து பிடித்துத் தரவேண்டும். கையேடு இல்லாமல் ஊர்விட்டு ஊர் செல்லும் தொழிலாளரை நாடோடி என்று கருதிச் சிறைப்படுத்தவும் இடமிருந்தது. முதலாளியின் பேனா அசையாவிடில் தொழிலாளியின் கால் அசையாது என்னும் நிலை அது.

இத்தகைய நிலையை நம் மக்களும் அனுபவித்தனர். தென்னிந்தியாவிலிருந்து இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் கங்காணிமாரின் கீழ் வேலை செய்தார்கள். ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், தோட்டத்துரையிடமிருந்து ஒரு சீட்டுப் பெறவேண்டும். இன்ன தொகைக் கடனைக் கட்டினால் இவர்களை விடுவிப்போம் என்று அச்சீட்டில் எழுதியிருக்கும். அதற்குத் 'துண்டு' என்று பெயர். தமிழ்ச் சொல்லாகிய அது, அன்றைய ஆங்கில அரசாங்க அறிக்கைகளிலும் அப்படியே ஏறிற்று. புதிய தோட்டம் பழைய கடனைக் கட்டும். அந்தக் கடன் தொழிலாளரின் தலையில் மீண்டும் ஏறும். ஆக, விடுதலைச் சீட்டு என்று பெயர் பெற்றது உண்மையில் தளையாகவே இருந்தது. 1921ஆம் ஆண்டில் இலங்கையில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று இத்துண்டு முறையை ஒழித்தது.

பிரான்சில் அந்தக் கையேட்டு முறை 1890ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நீக்கப்பட்டது. அதை நீக்கிய சட்டமே வேறொன்றையும் செய்தது. வேலை முடிந்து செல்லும் எவரும் முதலாளியிடம் ஒரு சான்றிதழைக் கேட்டுப் பெறலாம் என்றது. அச்சான்றிதழில் மூன்று செய்திகள் மட்டுமே இருக்கலாம்: வேலையில் சேர்ந்த நாள், விலகிய நாள், செய்த வேலையின் வகை. முதலாளியின் மனத்தாங்கலுக்கு அதில் இடமில்லை. தளையாக இருந்த தாள் தொழிலாளியின் உரிமையாக மாறியது இவ்வாறுதான்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1963ஆம் ஆண்டில் நிறைவேற்றிய 119ஆம் பரிந்துரையும் இதே வழியில் சென்றது. வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் கேட்டால், சேர்ந்த நாளையும் விலகிய நாளையும் வேலையின் வகையையும் குறிக்கும் சான்றிதழை அவருக்குத் தரவேண்டும். அவருக்குப் பாதகமான எதையும் அதில் எழுதலாகாது என்று அது கூறிற்று. 1982ஆம் ஆண்டின் 166ஆம் பரிந்துரை, ஒருவருடைய நடத்தையும் திறமையும் பற்றிய மதிப்பீட்டை அவரே வேண்டிக்கொண்டால் மட்டும் எழுதித் தரலாம் என்றது. பரிந்துரை சட்டமாகாது, எனினும் நியாயம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அது காட்டும். நம் நாட்டில் 1946ஆம் ஆண்டின் தொழில் நிலையாணைச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட மாதிரி நிலையாணைகளிலும், நிரந்தரத் தொழிலாளர் எவரும் பணிச் சான்றிதழ் பெற உரியவர் என்னும் விதி இடம்பெற்றிருந்தது. ஓய்வு பெறுவோருக்கு மட்டுமன்று, குற்றத்தின்பேரில் நீக்கப்பட்டவருக்குங்கூட அவ்வுரிமை உண்டு என்று அவ்விதி கூறியதை நீங்கள் கவனிக்கவேண்டும். ஏன்? ஒருவர் இன்ன காலம் இன்ன வேலையைச் செய்தார் என்பது நடந்து முடிந்த உண்மை. அந்த உண்மை அவருடைய உடைமை.

இனி, இரண்டாவதாகிய கருத்துக்கு வருவோம். ஒருவரைப் பற்றி நல்லவர், வல்லவர் என்று கூறுவதை யாரும் கட்டாயப்படுத்திப் பெறமுடியாது. வீட்டுப் பணியாளருக்கு நற்சாட்சிப் பத்திரம் எழுதித் தருமாறு எசமானரைச் சட்டம் வற்புறுத்தாது என்று இங்கிலாந்து நீதிமன்றம் 1800ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. அதே சமயம், பொய்யான நற்சாட்சிப் பத்திரம் கொடுப்போருக்கும், அதைக் காட்டி வேலை பெறுவோருக்கும் இருபது பவுன் தண்டம் விதிக்கும் சட்டம் அந்நாட்டில் 1792ஆம் ஆண்டு முதல் இருந்தது. சொல்லாதிருக்கலாம், சொன்னால் பொய் சொல்லக்கூடாது என்பதே இவற்றின் சாரம்.

உண்மை சொல்கிறேன் என்ற பெயரில் விசாரிக்காமல் ஒருவரைக் கெடுத்துவிடலாமா? இக்கேள்வி 1994ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை முன் வந்தது. அந்நாளில் அச்சபையே நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் விளங்கிற்று. காப்புறுதித் துறையில் வேலை பார்த்த ஒருவரைப் பற்றி அவருடைய பழைய நிறுவனம் மிக மோசமாக எழுதியனுப்பியதால், அவருக்குப் புதிய இடத்தில் வேலை கிடைக்கவில்லை. எழுதியவர்கள் வேண்டுமென்றே பொய் சொன்னார்கள் என்பதற்கில்லை. உண்மையைச் சரிவர ஆராயாமல் எழுதிவிட்டார்கள். ஆராயாமல் எழுதுவதும் தவறுதான். ஒருவரின் பிழைப்பைப் பாதிக்கும் கருத்தைச் சொல்வோர் தக்க கவனத்துடன் சொல்லக் கடமைப்பட்டவர் என்று அச்சபை பெரும்பான்மையால் முடிவு செய்தது. இதன் பின்னர் அந்நாட்டு நிறுவனங்கள் பல, வம்பு எதற்கு என்று, வேலை செய்த காலத்தையும் பதவியின் பெயரையும் மட்டுமே எழுதித் தருகின்றன.

ஜெர்மனியின் வழி வேறு. 1900ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அந்நாட்டு உரிமையியல் சட்டத் தொகுப்பே, விலகுவோருக்குச் சான்றிதழ் பெறும் உரிமையை அளித்தது. அவர் விரும்பினால் அதில் மதிப்பீடும் இருக்கவேண்டும். அம்மதிப்பீடு உண்மையாகவும் இருக்கவேண்டும், நல்லெண்ணத்தோடும் எழுதப்படவேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்ற முதலாளிமார் ஒரு தனி மொழியையே படைத்துவிட்டனர். 'எப்பொழுதும் எங்களுக்கு முற்ற முழுமையான மனநிறைவு தரும் வகையில் பணிபுரிந்தார்' என்றால் மிகச் சிறந்தவர் என்று பொருள். 'மனநிறைவு தரும் வகையில் பணிபுரிந்தார்' என்று மட்டும் இருந்தால், ஏதோ தேறினார் என்று பொருள். 'முயன்றார்' என்று எழுதியிருந்தாலோ, முயன்றும் ஒன்றும் நடக்கவில்லை என்று பொருள்! வெளிச் சொல்லுக்கு மாறான மறைபொருளைச் சான்றிதழில் வைக்கலாகாது என்று 2003ஆம் ஆண்டு முதல் அந்நாட்டுச் சட்டம் வெளிப்படையாகவே தடுக்கிறது. நடுத்தரத்துக்கு மேற்பட்ட மதிப்பீட்டைக் கோருகிறவர் அதற்கான ஆதாரத்தைத் தாமே காட்டவேண்டும் என்று 2014ஆம் ஆண்டில் அந்நாட்டின் உயர் தொழிலாளர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவற்றிலிருந்து நாம் அறிவது யாது? பதிவை உரிமையோடு கேட்கலாம். கருத்தை உரிமையோடு கேட்கவியலாது. பதிவு ஓரிடத்திலிருந்துதான் வரவேண்டும். கருத்தோ, நம் வேலையைக் கண்ட எவரிடமிருந்தும் வரலாம். இதை உணர்ந்தவர் தம்மை ஆதரிக்காத முதலாளியின் முன் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அவரோடு மல்லுக்கு நிற்கவும் வேண்டியதில்லை.

இனி, செய்யத்தக்கவற்றை வரிசையாகக் காண்போம்.

முதலாவது, சான்றுகளைத் திரட்டும் வேலை விலகும் நாளில் தொடங்குவதன்று; சேரும் நாளிலேயே தொடங்குவது. நியமனக் கடிதம், ஒவ்வொரு மாதச் சம்பளச் சீட்டு, ஊதிய உயர்வுக் கடிதம், வருமான வரி பிடித்ததற்கு நிறுவனம் தரும் சான்று, சம்பளம் வரவு வைக்கப்பட்ட வங்கிக் கணக்கின் நகல் ஆகியவற்றை உங்கள் வீட்டில் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். அலுவலகக் கணினியில் மட்டும் இருப்பது விலகும் நாளில் உங்களுக்கு எட்டாது. அதற்காக, நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலையோ கணக்குகளையோ எடுத்துச் செல்லலாகாது. அவை உங்களுடையவை அல்ல. உங்களைப் பற்றிய தாள்களே உங்களுடையவை. அவ்வாறே, பட்டச் சான்றிதழின் மூலத்தை எந்த நிறுவனத்திடமும் ஒப்படைத்துவிடாதீர்கள். மூலத்தைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளச் செய்து, நகலை மட்டும் கொடுங்கள். மூலத்தை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைப்பது பழைய துண்டு முறையின் நிழலேயாகும்.

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியில் சேர்ந்துள்ளவர்களுக்கு மற்றுமொரு வசதி உண்டு. 2014ஆம் ஆண்டு முதல் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு இலக்கங்கள் கொண்ட பொது எண் வழங்கப்படுகிறது. எந்த நிறுவனம் எந்த மாதத்துக்குப் பணம் செலுத்திற்று என்பது அந்த எண்ணின்கீழ்ப் பதிவாகிறது. முதலாளி ஒரு வரி எழுதாவிட்டாலும், நீங்கள் அங்கே வேலை செய்த காலத்தை இந்தப் பதிவு பேசும். விலகிய நாளைப் பதிவு செய்யாமல் நிறுவனம் காலம் கடத்தினால், கடைசியாகப் பணம் செலுத்தப்பட்டு இரண்டு மாதங்கள் கழிந்தபின் உறுப்பினரே அந்நாளைப் பதியும் வசதி 2020ஆம் ஆண்டில் ஏற்பட்டது.

இரண்டாவது, கருத்துரைப்போரைத் தேர்ந்தெடுத்தல். உங்களைப் பற்றிச் சொல்லத் தகுந்தவர் உங்கள் முதலாளி ஒருவரே என்று எண்ணவேண்டாம். உங்கள் பகுதியின் மேற்பார்வையாளர், ஓய்வு பெற்றுச் சென்ற மூத்த ஊழியர், உங்களோடு தொழில் முறையில் பழகிய வாடிக்கையாளர், ஆண்டுதோறும் வந்து கணக்கைப் பார்க்கும் ஆடிட்டர், உங்கள் கல்லூரிப் பேராசிரியர் ஆகிய இவர்களுள் எவரும் சொல்லலாம். பெரிய பதவியில் இருப்பவரைவிட உங்கள் வேலையை அருகிலிருந்து கண்டவரே சிறந்தவர். அறியாத அமைச்சரின் புகழுரையைக் காட்டிலும், அறிந்த மேற்பார்வையாளரின் ஒரு வாக்கியம் மேலானது. எவருடைய பெயரையும் அவரைக் கேளாமல் கொடுக்கலாகாது. "என்னைப் பற்றிக் கேட்டால் உங்களால் மனமார நல்லது சொல்ல இயலுமா?" என்று நேரே கேளுங்கள். அவர் சற்றுத் தயங்கினாலும், நன்றி கூறிவிட்டு வேறொருவரை நாடுங்கள். இசைந்தால், நீங்கள் விண்ணப்பித்துள்ள வேலை எத்தகையது என்பதையும் அவரிடம் விளக்கிச் சொல்லுங்கள்.

மூன்றாவது, இரகசியம் காத்தல். வேலை தேடும் செய்தி உறுதியாகும் முன் பழைய முதலாளியின் காதுக்கு எட்டுவது நல்லதன்று. ஆகவே விண்ணப்பத்திலேயே, 'தற்போது பணிபுரியும் நிறுவனத்தை, நியமனம் உறுதியான பின்னரே விசாரிக்க வேண்டுகிறேன்' என்று எழுதுவது முறையாகும். இது எங்கும் ஏற்கப்படும் வேண்டுகோள். இதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. புதிய நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகே பழைய இடத்தில் ராஜினாமாவைக் கொடுங்கள். வாய்மொழி வாக்குறுதியை நம்பி இருந்ததையும் விட்டுவிட வேண்டாம்.

நான்காவது, விலகும் முறை. ராஜினாமாக் கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். விலகும் செய்தி, கடைசி நாள், பெற்ற அனுபவத்துக்கு நன்றி ஆகிய மூன்றும் போதும். மூன்றாண்டு மனக்குறைகளை அதில் கொட்டுவதால் முதலாளி திருந்தப்போவதில்லை. கோப்பில் உங்கள் கோபம் மட்டுமே நிலைத்து நிற்கும். சட்டத்துக்குப் புறம்பான கொடுமை நடந்திருந்தால், அதற்குரிய இடத்தில் தனி முறையீடு செய்வதே முறை. நியமனக் கடிதத்தில் ஒப்புக்கொண்ட அறிவிப்புக் காலத்தை முழுமையாக வேலை செய்து கழியுங்கள்; அல்லது குறைத்துக்கொள்வதற்கு எழுத்து மூலம் இசைவு பெறுங்கள். சொல்லாமல் நின்றுவிட்டால், அதுவரை நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும், அன்றே அது எதிர்ப்பக்கம் போய்விடும். கையிலிருந்த வேலைகளைப் பட்டியலிட்டு, எது முடிந்தது, எது நிலுவை, எந்தச் சாவி யாரிடம் என்று எழுதி ஒப்படைத்துக் கையொப்பம் பெறுங்கள். பிறகு சான்றிதழ் கோரும் விண்ணப்பத்தையும் எழுத்தில் கொடுங்கள். சேர்ந்த நாள், விலகும் நாள், பதவி, செய்த வேலை ஆகியவற்றை மட்டும் கொண்ட மாதிரிப் படி ஒன்றையும் அதனுடன் இணையுங்கள். புகழ்ச்சி கேட்காதீர்கள். புகழ்ச்சி கேட்டால் மறுக்க ஒரு காரணம் கிடைக்கும். வெறும் உண்மையைக் கேட்டால் மறுப்பதற்கு முகம் வேண்டும்.

ஐந்தாவது, நேர்முகத்தில் பேசும் முறை. "பழைய இடத்தை ஏன் விட்டீர்கள்?" என்று கட்டாயம் கேட்பார்கள். பொய் சொல்ல வேண்டாம்; புலம்பவும் வேண்டாம். "அங்கே கணக்கெழுதும் முறையை நன்றாகக் கற்றேன், மேற்கொண்டு கற்க அங்கே வாய்ப்பில்லை" என்று சொல்வது உண்மையும் ஆகும், நாகரிகமும் ஆகும். "பழைய முதலாளி உங்களைப் பற்றி நல்லது சொல்வாரா?" என்று கேட்டால், "நான் விலகுவதில் அவருக்கு விருப்பமில்லை. ஆகையால் அவர் அதிகம் சொல்லமாட்டார். நான் வேலை செய்த காலத்துக்கு இந்தத் தாள்கள் சான்று, வேலையின் தரத்தை இன்னின்னார் அறிவார்" என்று முன்கூட்டியே கூறிவிடலாம். பிறர் வாயால் பின்னர் வரும் செய்தியை நம் வாயால் முன்னரே சொல்லிவிட்டால் அதன் நஞ்சு பாதி குறைந்துவிடும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் சொல்லியாகவேண்டும். மனம் தளர்ந்த இளைஞர்களை மயக்கும் குறுக்குவழி ஒன்று உண்டு. பணம் வாங்கிக்கொண்டு அனுபவச் சான்றிதழ் அச்சடித்துக் கொடுப்போர் நகரங்களில் இருக்கிறார்கள். நண்பனின் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, அவனை மேலதிகாரியாகப் பேசச் சொல்வோரும் உண்டு. இது போலிப் பத்திரம் தயாரித்த குற்றமாகவும் ஏமாற்றிய குற்றமாகவும் ஆகும். இன்று பெரிய நிறுவனங்கள் சான்றிதழ்களைச் சரிபார்ப்பதற்கென்றே தனி நிறுவனங்களை அமர்த்துகின்றன. வேலையில் சேர்ந்து ஆண்டுகள் ஆனபின் உண்மை வெளிப்பட்டாலும் வேலை போகும். முதலாளியின் கஞ்சத்தனத்தால் இழந்தது ஒரு தாள். போலித் தாளினால் இழப்பது பெயர்.

மேலே நான் விட்டு வந்த இளைஞரிடம் திரும்புவோம். முதலாளி மறுத்த அன்று அவருக்கும் இந்த ஆசை எழுந்தது. முத்திரை செய்து தர ஒருவர் முன்வந்ததாக அவரே என்னிடம் கூறினார். ஆனால் அவர் அவ்வழியில் செல்லவில்லை. எழுத்தில் ராஜினாமா கொடுத்தார். எஞ்சிய முப்பது நாட்களும் வழக்கம்போல் நேரத்துக்கு வந்தார். பேரேடுகளைச் சரிபார்த்து, நிலுவைப் பட்டியல் எழுதி, புதிதாக வந்தவருக்குக் கற்றுக்கொடுத்து ஒப்படைத்தார். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வைப்பு நிதிப் பதிவு, ராஜினாமாவைப் பெற்றுக்கொண்டதற்கான அலுவலக முத்திரை ஆகிய இவற்றைப் புதிய நிறுவனத்திடம் கொடுத்து, நடந்ததை உள்ளபடி கூறினார். தம் வேலையைப் பற்றிக் கேட்பதற்கு, பழைய நிறுவனத்தின் கணக்கைத் தணிக்கை செய்துவந்த ஆடிட்டரின் பெயரை, அவர் இசைவு பெற்றுக் கொடுத்திருந்தார்.

அந்த ஆடிட்டர் நீண்ட புகழுரை ஒன்றும் வழங்கவில்லை. "ஓராண்டு நான் கணக்கை முடித்துக் கையொப்பமிடும் தறுவாயில் இருந்தேன். வண்டிக்கூலி ஒன்றை இருமுறை பற்று எழுதிவிட்டதாக இந்தப் பையன் மறுநாள் காலை என் அலுவலகத்துக்குத் தானே வந்து சொன்னான். என் கண்ணிலும் அது படவில்லை" என்று மட்டும் சொன்னாராம். புதிய நிறுவனத்தார் பழைய முதலாளியையும் தொலைபேசியில் கேட்டனர். "இருந்தான், வேலை செய்தான், போனான், சொல்ல வேறொன்றுமில்லை" என்றார் அவர். கேட்டவர்களுக்கு வேண்டிய பதிவு அச்சொற்களிலேயே இருந்தது!

இளைஞருக்கு வேலை உறுதியாயிற்று. எல்லாம் இன்பமாய் முடிந்தது என்று நான் கூறமாட்டேன். விடுவிப்புக் கடிதம் இல்லாமையால், பிறருக்கு ஆறு மாதமாக இருந்த தகுதிகாண் காலத்தை இவருக்கு ஓராண்டாக வைத்தார்கள். அவருடைய மூன்றாண்டு அனுபவத்துக்குரிய ஊதியத்தை அந்த ஓராண்டும் அவர் பெறவில்லை. ஒரு மனிதரின் பிடிவாதம் மற்றொருவருக்கு எவ்வளவு இழப்பை உண்டாக்கும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. ஆயினும் அந்த இழப்பு ஓராண்டோடு தீர்ந்தது. போலி முத்திரை வாங்கியிருந்தால் வாழ்நாள் முழுவதும் அச்சம் தீர்ந்திராது.

மாணவ நண்பர்களே, நற்சான்று எழுதுபவர் ஒருவர், அதற்குரிய வேலையைச் செய்பவர் வேறொருவர். எழுதுபவர் மறுக்கலாம், செய்த வேலை இல்லாமற் போகாது. அதைக் கண்டவர்கள் இருப்பார்கள். அதைக் குறித்த பதிவுகள் இருக்கும். அவற்றைப் பேணி வைப்பது உங்கள் பொறுப்பு.

இன்னொன்றும் உண்டு. உங்களில் பலர் ஒரு நாள் அந்த மேசையின் மறுபுறத்தில் அமர்வீர்கள். உங்களிடம் வேலை பார்த்த ஓர் இளைஞனோ ஒரு பெண்ணோ விலகல் கடிதத்துடன் வந்து நிற்கும்போது, மனம் சற்று வருந்தத்தான் செய்யும். அப்போது சேர்ந்த நாளையும் விலகிய நாளையும் செய்த வேலையையும் அன்றைக்கே எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்துவிடுங்கள். அதற்கு ஆவது ஒரு தாளும் பத்து நிமிடங்களுமே. அந்தத் தாள் ஒரு குடும்பத்தில் யாருடைய கல்லூரிக் கட்டணத்துக்கு வழி செய்யப்போகிறது என்பதை நீங்கள் அறியமாட்டீர்கள்.